மான் வேட்டைக்குப் போகுமுன் ஏணியையும் இதயத்தையும் பாருங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், நவம்பர் இறுதியில் வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை, சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போது துப்பாக்கி மான் வேட்டை தொடங்குகிறது. ஒன்பது நாள்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். தாத்தா, அப்பா, பேத்தி என்று மூன்று தலைமுறை ஒரே குடிலில் தங்குவது இங்கே சாதாரணம். அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவராக இருக்கும் நான் இந்தக் கட்டுரையைப் பருவம் தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே எழுதுவதற்குக் காரணம் உண்டு. கடைசி வெள்ளிக்கிழமை இரவில் செய்ய முடியாத வேலைகள் இதில் இருக்கின்றன.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மானைக் கொல்வது குற்றம். இங்கே வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கையை மாநில அரசு ஆண்டுதோறும் மதிப்பிட்டு, எங்கே எத்தனை பெண் மான்களைச் சுடலாம் என்று அனுமதி வழங்குகிறது. உரிமக் கட்டணமும், 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வசூலாகும் வரியும் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குச் செலவாகின்றன. வேட்டை சரியா தவறா என்ற வாதத்தை நான் இங்கே தொடவில்லை. போனவர் போனபடியே வீடு திரும்ப வேண்டும், அவ்வளவுதான் என் கவலை.

வேட்டை விபத்து என்றதும் எல்லோரும் துப்பாக்கிக் குண்டைத்தான் நினைக்கிறார்கள். அந்த ஆபத்து உண்மையானதுதான், ஆனால் பெருமளவு கட்டுக்குள் வந்துவிட்டது. 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சியில் தேறினால்தான் இங்கே உரிமம் வாங்க முடியும். இடுப்புக்கு மேல் அணியும் உடையில் பாதியாவது பளீர் ஆரஞ்சு அல்லது பளீர் இளஞ்சிவப்பு நிறத்தில் இருக்க வேண்டும். நம் கண்ணில் அறையும் அந்த ஆரஞ்சு மானின் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிவதில்லை. ஆகவே, 'மான் பார்த்துவிடும்' என்று சட்டையைக் கழற்றி வைப்பதில் பொருளே இல்லை.

நான் அஞ்சுவது மரப்பரணை. தரையிலிருந்து 15, 20 அடி உயரத்தில் மரத்தோடு கட்டிய சிறு இருக்கை. இருட்டில், உறைபனி படிந்த ஏணியில், கனத்த காலணியும் தடித்த கையுறையுமாக ஏறுகிறார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு விழுவது குறைவு. ஏணியின் கடைசிப் படியிலிருந்து ஒரு காலைத் தூக்கிப் பரண் தட்டில் வைக்கும் அந்த ஒரு கணத்தில்தான் பலர் விழுகிறார்கள். காலால் விழுந்தவருக்குக் குதிகால் எலும்பு நொறுங்குகிறது. அதே அதிர்ச்சி மேலேறி, முதுகெலும்பின் மார்புப் பகுதி முடிந்து இடுப்புப் பகுதி தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பை உடைக்கிறது. ஆரஞ்சு கோட்டைக் கத்தரியால் வெட்டி எடுக்கும்போது நான் முதலில் கேட்பது, "கால் விரலை அசைக்க முடிகிறதா?" அடுத்துக் கேட்பது பாதுகாப்புப் பட்டையைப் பற்றி. "வண்டியில் இருக்கிறது" என்ற பதிலைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பட்டை என்றால் இடுப்பில் மட்டும் கட்டுவது அல்ல. தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கும் முழு உடல் பட்டை. தரையை விட்டுக் கால் எழும் முன்பே அதை மரத்தோடு கட்டிய உயிர்க்கயிற்றில் மாட்டிவிட வேண்டும். பரணில் உட்கார்ந்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்பவர் ஆபத்தான பகுதியைக் காப்பில்லாமலே கடந்துவிடுகிறார். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறக் கூடாது; தோட்டா இல்லாத நிலையில் கீழே வைத்து, மேலே போனபின் கயிற்றால் இழுத்துக்கொள்ள வேண்டும். பட்டையோடு வரும் கால்வளையத்தைத் தனியே கழற்றி எறியாதீர்கள். விழுந்து அந்தரத்தில் அசையாமல் தொங்கினால் ரத்தம் கால்களிலேயே தேங்கி மயக்கம் வரும். அந்த வளையத்தில் காலை ஊன்றி நின்றால்தான் உதவி வரும் வரை தாக்குப்பிடிக்க முடியும்.

செப்டம்பரிலேயே ஒரு பகல் பொழுதில் போய்ப் பரணைப் பாருங்கள். ஆண்டு முழுவதும் வெயிலில் கிடந்த கட்டுவார் இற்றுப் போயிருக்கும், அணில் கடித்திருக்கும். மரம் பருத்ததில் வார் இறுகி, தொட்டால் அறுந்துவிடும் நிலையில் இருக்கும். சந்தேகம் வந்தால் புதிதாக வாங்குங்கள்.

அடுத்தது இதயம். ஆண்டெல்லாம் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்த 55 வயதுக்காரர் ஒரே நாளில் பனியில் நடக்கிறார், மேடு ஏறுகிறார், மானைக் கண்டதும் பதறுகிறார், பிறகு 60, 70 கிலோ உடலைத் தனியாக இழுத்து வருகிறார். குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருக்கின்றன. முந்தின இரவு பீரும் உப்பிட்ட இறைச்சியும். காலையில் மாத்திரை மறந்துபோயிற்று. 2007இல் வெளிவந்த மிச்சிகன் ஆய்வு ஒன்றில் 25 ஆண்களுக்கு இதயத் துடிப்பைப் பதியும் கருவியை மாட்டி வேட்டைக்கு அனுப்பினார்கள். டிரெட்மில் பரிசோதனையில் எட்டிய உச்சத் துடிப்பைக் காட்டில் 10 பேர் தாண்டிவிட்டார்கள். ஆய்வில் இருந்த 25 பேரில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே இதய நோய் இருந்தது.

எனவே இப்போதே மருத்துவரைப் பாருங்கள். 'நவம்பரில் மான் இழுக்கப் போகிறேன்' என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் நடங்கள், பிறகு முதுகுப் பையோடு நடங்கள். மானைச் சறுக்குப் பலகையிலோ வண்டியிலோ ஏற்றி இரண்டு பேராக இழுங்கள். குளிரில் வியர்வை, தாடையிலோ தோளிலோ வலி, நெஞ்சில் பாரம் வந்தால் "இழுத்ததில் பிடித்துக்கொண்டது" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் உடனே அவசர உதவி எண்ணான 911ஐ அழையுங்கள். கிராமப்புறச் சாலையோரத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு எண் பலகை இருக்கும். குடிலின் எண்ணைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். எந்தப் பரணில் இருப்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் அந்த மாத்திரையின் பெயரையும் அதே தாளில் எழுத வேண்டும். தலையில் அடிபட்டு வருபவருக்கு நாங்கள் முதலில் தேடும் தகவல் அது.

இறைச்சிக்கு வருவோம். வேட்டையாடாத நம்மவர்கள் வீட்டுக்கும் அலுவலக நண்பர் அன்போடு கொடுத்த மான் இறைச்சி வந்து சேர்கிறது. ஈயத் தோட்டா உள்ளே பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறுகிறது. அரைத்த இறைச்சியை எக்ஸ்ரே எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். 2008இல் வடக்கு டகோட்டாவில், தானமாக வந்த மான் இறைச்சியில் இதைக் கண்டபின், உணவு வங்கிகள் அதை விநியோகிக்க வேண்டாம் என்று சொல்லப்பட்டது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் ஈயத் தோட்டாவால் சுட்ட மானின் இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். செம்புத் தோட்டாவுக்கு மாறினால் இந்தச் சிக்கலே இல்லை. நண்பரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இன்னொன்று, மான்களை உருக்கிக் கொல்லும் சி.டபிள்யூ.டி. நோய். விஸ்கான்சினில் 2002இல் கண்டறியப்பட்டது. பிரியான் என்ற பிறழ்ந்த புரதத்தால் வருவதால் கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அழியாது. மனிதருக்கு இது பரவியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோய் உறுதியான மானை உண்ணக் கூடாது என்பதே அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பரிசோதனை இங்கே இலவசம். கழுத்தோடு தலையை மாதிரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை இறைச்சியைத் தனியே பெயர் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். கையுறை போட்டு அறுங்கள். மூளையையும் தண்டுவடத்தையும் வெட்டாதீர்கள்.

துப்பாக்கியைத் தொடாதவர்களும் இந்தப் பருவத்தில் கவனமாக இருக்க வேண்டும். அந்த ஒன்பது நாளில் காட்டுப் பாதையில் நடப்பவர், நாயோடு போகிறவர் எல்லோரும் ஆரஞ்சு மேலங்கி அணிய வேண்டும், நாய்க்கும் ஒன்று. நவம்பர் மான்கள் இணை தேடி ஓடும் காலம் என்பதால் அந்தியிலும் விடியலிலும் சாலையில் வேகத்தைக் குறையுங்கள். ஒரு மான் கடந்தால் பின்னால் இன்னொன்று வரும் என்றே நினையுங்கள். மோதுவது தவிர்க்க முடியாது என்றால் பிரேக்கை அழுத்தி நேராகவே நில்லுங்கள். ஸ்டீயரிங்கை ஒடித்து எதிர்த்தடத்துக்கோ மரத்துக்கோ போகாதீர்கள்.