அல்வாவும் மின்மினியும்

திருநெல்வேலி கீழரத வீதியில் வரிசையில் நின்று இலையில் சூடாக வாங்கித் தின்ற அல்வா உள்ளே இறங்கினதும் குடல் சும்மா இருக்காது. அங்குள்ள எல்-செல்கள் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். 'சர்க்கரை ஏறுது, இன்சுலினை விடு' என்று கணையத்துக்குச் சொல்கிற ஆள் அதுதான். ஆனால் ஓரிரு நிமிஷத்திலேயே அதில் பாதியை டிபிபி-4 நொதி வெட்டிவிடும். அதனால்தான் சர்க்கரை நோய்க்கு, அதே வேலையைச் செய்து தாக்குப்பிடிக்கிற மருந்துகளைத் தேடினார்கள். 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எக்ஸெனடைட், கீலா என்ற விஷப்பல்லியின் எச்சிலில் கிடைத்த பெப்டைடின், அதாவது ஒரு குட்டிப் புரதத்தின், நகல்.

ஜிஎல்பி-1 வந்து ஒட்டுவதற்கென்று செல்லின் மேல் இருக்கிற புரதத்துக்கு ஏற்பி என்று பெயர். சரி, புது மருந்து ஒன்று அந்த ஏற்பியில் போய் ஒட்டுகிறது, ஒட்டினால் போதுமா, வேலையைக் கிளப்புகிறதா என்று எப்படித் தெரியும்?

செல்லையே விளக்காக்கிவிடுவார்கள். ஹெக்-293 என்ற செல்வகை, மனிதக் கருவின் சிறுநீரகத்திலிருந்து 1970-களில் உருவானது, நன்றாக வளரும். அதற்குள் இரண்டு மரபணுக்களை நுழைப்பார்கள்: ஒன்று ஏற்பிக்கு, இன்னொன்று மின்மினியின் லூசிஃபெரேஸ் நொதிக்கு. (நம் வாய்க்கால் கரை மின்மினி இல்லை, அதன் அமெரிக்கச் சொந்தக்காரன்.) ஏற்பி தூண்டப்பட்டால் உள்ளே ஜி-புரதம் என்ற தூதுப் புரதம் எழும், சைக்ளிக் ஏஎம்பி என்ற சேதி சொல்லும் மூலக்கூறு பெருகும், அது லூசிஃபெரேஸ் மரபணுவின் சுவிட்சைத் தட்டும். நாலைந்து மணி நேரம் கழித்து, அந்த நொதிக்கு எரிபொருளான லூசிஃபெரினை விட்டால் செல் ஒளிரும், கருவி அதை எண்ணாக்கித் தரும். 96 குழித் தட்டில் மருந்தின் அளவைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டே போனால் 'எஸ்' மாதிரி ஒரு கோடு விழும். பாதி உச்சத்துக்கு எவ்வளவு மருந்து தேவைப்பட்டது என்பதுதான் அதன் வீரியம்.

ஆனால் வெளிச்சம் வந்ததை வைத்து மட்டும் நம்பக் கூடாது. ஃபோர்ஸ்கோலின் என்று ஒன்று உண்டு, ஏற்பியைத் தொடாமல் கொல்லைப்புறமாகப் போய் சைக்ளிக் ஏஎம்பி செய்யும் நொதியை நேரே எழுப்பிவிடும். விளக்கு எரிகிற நிலையில் இருக்கிறதா என்று பார்க்க அதைச் சில குழிகளில் விடுவது வழக்கம். புதிதில் நான் அதைத் தொட்ட பிப்பெட் முனையையே (டிப்) மாற்றாமல் அடுத்தடுத்த குழிகளில் விட்டுவிட்டேன், தட்டு முழுக்கத் திருக்கார்த்திகை! காட்டிக்கொடுத்தது ஏற்பியே இல்லாத செல்களை வைத்திருந்த குழிகள்தான், அவையும் ஜோராக எரிந்தன.

அப்புறம் இன்னொரு சோதனையும் சேர்த்துக்கொண்டேன். எக்ஸெண்டின் 9-39 என்ற பெப்டைடு இந்த ஏற்பியின் வாசலை அடைத்துக்கொள்ளும், திறக்காது. அதை நிறைய விட்டுவிட்டு மருந்தைச் சேர்க்கும்போது வெளிச்சம் மங்கினால், மருந்து வாசல் வழியாகத்தான் வந்திருக்கிறது.