மைக் இல்லாமல் பியானோவைத் தாண்டி வரும் குரல்

மதிய உணவு நேரத்தில் ஒரு தேவாலயத்திலோ, நகர மண்டபத்திலோ, பல்கலைக்கழக அரங்கிலோ முக்கால் மணி நேரம் நடக்கும் இலவசக் கச்சேரிகள் உலகின் பல ஊர்களில் உண்டு. மேற்கத்தியச் செவ்வியல் இசையில் இந்த மாதிரி நிகழ்ச்சிக்கு மிகவும் தோதான ஜோடி ஒரு குரலும் ஒரு பியானோவும்தான். ஒலிபெருக்கி வேண்டாம், பெரிய மேடை ஏற்பாடு வேண்டாம். ஆனால் இந்த ஜோடியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒரு கேள்வி எழும். கச்சேரிக்கான பெரிய பியானோ ஏறத்தாழ 2.7 மீட்டர் நீளமும் அரை டன் எடையும் கொண்டது. உள்ளே 230 கம்பிகள் போல இருக்கும். அவற்றின் மொத்த இழுவிசை 20 டன்னை நெருங்கும். அதன் பக்கத்தில் நின்று பாடுபவரிடம் இருப்பதோ, தொண்டைக்குள் சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு தசை மடிப்புகள். பிறகு எப்படிக் கடைசி வரிசை வரை குரல் கேட்கிறது?

பாடகர் ரொம்பச் சத்தமாகப் பாடுகிறார் என்பதுதான் முதலில் தோன்றும் பதில். அது பாதி உண்மைகூட இல்லை. முழு வலுவோடு பாடும்போதும் வாயிலிருந்து வெளிவரும் ஒலியின் திறன் ஒரு வாட்டைத் தாண்டுவது அரிது. பியானோவோடு பலப்பரீட்சைக்கு இறங்கினால் குரல் தோற்கும், தொண்டையும் புண்ணாகும். நல்ல பாடகர் தன்னிடம் உள்ள கொஞ்சம் ஆற்றலைப் பியானோ அதிகம் பயன்படுத்தாத, நம் காது மிகக் கூர்மையாக இருக்கிற ஒரு பகுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

குரல் உண்டாகும் விதத்திலிருந்து தொடங்கலாம். நுரையீரலிலிருந்து வரும் காற்று, மூடியிருக்கும் அந்தத் தசை மடிப்புகளை, அதாவது குரல் நாண்களை, கீழிருந்து தள்ளித் திறக்கிறது. தசையின் மீள்தன்மையும், இடுக்கு வழியாக வேகமெடுக்கும் காற்றின் அழுத்தக் குறைவும் சேர்ந்து அவற்றை மறுபடியும் மூடுகின்றன. பியானோவில் நடு மண்டலத்து ‘லா’ சுரத்தைப் பாடினால் இது ஒரு நொடிக்கு 440 முறை நடக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது மூடும் கணம். நாண்கள் எவ்வளவு வெடுக்கென்று காற்றை அறுக்கின்றனவோ, அந்த அளவுக்கு மேற்சுரங்கள் வலுவாகப் பிறக்கும். 440 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 880, 1320, 1760 என்று மடங்குகள் வரிசையாக வரும். காற்று கசியக் கசியப் பாடும் குரலில் இந்த மேல்படிகள் சீக்கிரமே மங்கிவிடும். பயிற்சி பெற்ற குரலில் 3000 ஹெர்ட்ஸையும் தாண்டி அவை உயிரோடு இருக்கும்.

அப்புறம் தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் தன் வேலையைச் செய்கிறது. வயது வந்த ஆணுக்கு அதன் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர். எந்தக் குழாய்க்கும் இயல்பாகப் பிடித்த சில அதிர்வெண்கள் இருக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் வரும் மேற்சுரங்களை அது தூக்கிவிடும், மற்றவற்றை அமுக்கும். இந்த ஒத்ததிர்வு மேடுகளை ஒலியியலில் ஃபார்மன்ட் என்பார்கள். முதல் இரண்டு மேடுகளும் எங்கே நிற்கின்றன என்பதை வைத்தே நாம் ஆ, ஈ, ஊ என்று உயிரெழுத்துகளைப் பிரித்தறிகிறோம்.

செவ்வியல் பாடகரின் திறமை அதற்கு அடுத்த மேடுகளில் இருக்கிறது. சுவீடனைச் சேர்ந்த ஒலியியல் ஆய்வாளர் யோஹான் சுண்ட்பெர்க் 1970களில் இதை விரிவாக ஆராய்ந்து விளக்கினார். பாடகர்கள் குரல்வளையைச் சற்றுத் தாழ்த்தி, அதற்கு மேலுள்ள தொண்டையை அகலமாக்குகிறார்கள். குரல் நாண்களுக்கு நேர் மேலே உள்ள சிறு குழலின் வாய், தொண்டையின் குறுக்குப் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்குக் குறையும்போது, அந்தச் சிறு குழல் தனியொரு ஒத்ததிர்வு அறையாக மாறிவிடுகிறது. விளைவாக மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மேடுகள் ஒன்றையொன்று நெருங்கி, 2500 முதல் 3000 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒரே பெரிய மேடாகத் திரள்கின்றன. பாடகர் ஃபார்மன்ட் என்று பெயர் பெற்றது இதுதான். ஆண் குரல்களில் இது மிகத் தெளிவாகத் தெரியும்.

ஏன் 3000 ஹெர்ட்ஸ்? நம் காதுத் துளையும் ஒரு குழாய்தான். சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம், ஒரு முனை செவிப்பறையால் மூடியது. அதன் ஒத்ததிர்வு 3000 ஹெர்ட்ஸைச் சுற்றியே விழுகிறது. பியானோவின் நடு, கீழ் மண்டலக் கோர்வைகளிலோ (பல சுரங்கள் ஒன்றாக ஒலிப்பவை) ஆற்றலின் பெரும்பகுதி 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே தங்கிவிடுகிறது, மேலே போகப் போகச் சரிகிறது. ஆக, பாடகர் எழுப்பும் மேடு பியானோ காலியாக விட்ட இடத்தில் நிற்கிறது, கேட்பவரின் காது அதையே இன்னும் கொஞ்சம் பெருக்கிக் கொடுக்கிறது. கூடுதல் மூச்சு எதுவும் செலவாகவில்லை. எனக்கு இந்தக் கட்டுரையின் மிக அழகான பகுதி இதுதான்.

உச்சத்தில் பாடும் சொப்ரானோக்களுக்கு, அதாவது மிக உயர்ந்த பெண் குரல்களுக்கு, கணக்கு வேறு. மேல் ‘லா’ 880 ஹெர்ட்ஸ். ‘ஈ’ என்ற உயிரெழுத்தின் முதல் ஒத்ததிர்வு 300 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கும். அங்கே தூக்கிவிட எந்த மேற்சுரமும் இல்லை, ஏனென்றால் அடிச்சுரமே அதைத் தாண்டிப் போய்விட்டது. அதனால் அவர்கள் தாடையை மெல்ல மெல்லத் திறந்து, முதல் ஒத்ததிர்வைச் சுரத்தின் உயரத்துக்கே ஏற்றிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பாடிக்கொண்டிருப்பவரின் உதட்டருகே ஒரு அளவீட்டு ஒலியைச் செலுத்தி இதை நேரடியாகவே அளந்து, 2004இல் வெளியிட்டார்கள். குரல் பளிச்சென்று கேட்கும், ஆனால் அந்த உயரத்தில் எல்லா உயிரெழுத்தும் ‘ஆ’ போலவே ஒலிக்கும். உச்ச சுரத்தில் சொல் புரியவில்லை என்று பாடகியின் உச்சரிப்பைக் குறை சொல்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை, அங்கே இயற்பியலே வேறு வழி விடவில்லை.

குரலைத் தனித்துக் காட்டும் இன்னொன்று வைப்ராட்டோ என்ற அசைவு. நொடிக்கு ஐந்து முதல் ஏழு முறை சுரம் லேசாக ஏறி இறங்கும், அதோடு அதன் எல்லா மேற்சுரங்களும் சேர்ந்தே அசையும். ஒன்றாக அசைபவற்றை மூளை ஒரே இடத்திலிருந்து வருபவையாகத் தொகுத்துக்கொள்கிறது. பியானோவின் சுரங்கள் அப்படி அசைவதில்லை.

பியானோவின் குறையும் குரலுக்குச் சாதகம்தான். கம்பளி போர்த்திய சுத்தியல் சில ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிதான் கம்பியைத் தொடுகிறது. அதற்குப் பிறகு புதிதாக ஆற்றல் எதுவும் சேர்வதில்லை, ஒலி தேயத்தான் செய்யும். ஆனால் ஒரே சீராகத் தேய்வதில்லை. நடு, மேல் மண்டலங்களில் ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று கம்பிகள். அடித்தவுடன் மூன்றும் ஒன்றுபோல ஆடி, தாங்கிக் கட்டையைச் சேர்ந்து தள்ளுவதால் ஆற்றல் வேகமாக ஒலிப்பலகைக்குப் போய் ஒலியாகிவிடுகிறது. மூன்றின் சுருதியிலும் மயிரிழை வேறுபாடு இருப்பதால் கொஞ்ச நேரத்தில் அவற்றின் தாளம் பிசகி, ஒன்றின் தள்ளலை மற்றொன்று ரத்து செய்யத் தொடங்குகிறது. அதனால் மிச்ச ஒலி மெதுவாக, நீண்டு கரைகிறது. 1977இல் கேப்ரியல் வைன்ரைக் என்ற இயற்பியலாளர் இதை விளக்கினார். அந்த முதல் வேகச் சரிவு முடிந்ததும் பாடகரின் நீண்ட சுரத்துக்கு வழி திறந்துவிடும். பியானோவால் நீட்டிப் பிடிக்க முடியாத சுரத்தைக் குரல் நீட்டிப் பிடிக்கும், ஒரே சுரத்தைப் பிடித்தபடியே பெருக்கவும் செய்யும்.

இத்தனை இருந்தும், வாசிப்பவர் அசட்டையாக இருந்தால் குரல் மூழ்கிவிடும். தாழ்ந்த சுரங்கள் தமக்கு மேலுள்ள ஒலிகளை எளிதில் மறைக்கும், மேலிருப்பவை கீழிருப்பதை அவ்வளவாக மறைப்பதில்லை. இது உள்காதின் அமைப்பால் வருவது. அதனால் தேர்ந்த துணை வாசிப்பாளர் இடது கையை மெலிதாக்குவார், சுரங்களை நீண்டு ஒலிக்கவிடும் கால்மிதியான பெடலைச் சீக்கிரம் விடுவார். இன்னொரு நுட்பம்: ஒரு சொல் ‘ஸ்ட்ர’ என்று தொடங்கினால் அந்த மெய்யெழுத்துகள் தாளத்துக்கு முன்பே வந்துவிட வேண்டும், உயிரெழுத்து வரும் கணத்தில்தான் கோர்வை விழ வேண்டும். நம் காதுக்கு அசை தொடங்குவது உயிரெழுத்தின் பக்கத்தில்தான். பாடகரின் மூச்சைப் பார்த்தே வாசிப்பவர் இதைக் கணிக்கிறார்.

வாசிப்பவருக்கு ஒரு சங்கடமும் உண்டு. குரலின் தாழ்ந்த பகுதி எல்லாப் பக்கமும் பரவும், 3000 ஹெர்ட்ஸ் பகுதியோ பெரும்பாலும் முன்னோக்கியே போகும். பாடகருக்குப் பின்னால் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பளபளப்பு குறைவாகவே கேட்கும். அதனால்தான் ஒத்திகையில் மூன்றாவது ஆள் ஒருவர் அரங்கின் நடுவில் நின்று கேட்டுச் சொல்வது வழக்கம். பியானோவின் மூடியை முழுதாகத் திறப்பதா, சின்னக் கோலில் நிறுத்துவதா என்பதும் அப்போதே முடிவாகும். மூடி கூர்மையான ஒலிகளை அவையை நோக்கித் திருப்பிவிடும் பலகை.

மிச்சம் அறையின் கையில். 1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்ற புகாரை வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் ஒப்படைத்தார்கள். ஒலி அடங்க அங்கே ஐந்தரை நொடி ஆனது. இரவு நேரங்களில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எதிர்முழக்கம் எப்படிக் குறைகிறது என்று அவர் அளந்தார். அறையின் கன அளவு கூடினால் எதிர்முழக்கம் நீளும், உறிஞ்சும் பரப்பு கூடினால் குறையும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. உட்கார்ந்திருக்கும் மனிதர்களும் அவர்கள் உடுத்திய துணியும் நல்ல உறிஞ்சிகள். காலை ஒத்திகையில் முழங்கிய காலி மண்டபம், மதியம் ஆட்கள் நிறைந்ததும் வேறு மண்டபமாகிவிடும். வாசிப்பவர் பெடலை மறுபடியும் கணக்கிட வேண்டும்.

இலவசக் கச்சேரிகளில் பெரும்பாலும் இருக்கை எண் இருக்காது, கொஞ்சம் முன்னால் போனால் இடத்தைத் தேர்ந்துகொள்ளலாம். பாடகர் பார்க்கும் திசையில், நடுப்பாதையை ஒட்டி உட்காருங்கள். பக்கவாட்டுத் தூண்களுக்குப் பின்னால் போனால் அந்த 3000 ஹெர்ட்ஸ் மேட்டில் ஒரு பங்கை இழப்பீர்கள். உயர்ந்த கூரையுள்ள கல் தேவாலயம் என்றால் முதல் சில வரிசைகள் நல்லது, அங்கேதான் நேரடி ஒலி எதிர்முழக்கத்தை முந்தும், சொற்கள் புரியும். மரத்தாலான சிறிய அரங்கு என்றால் நடு வரிசையிலேயே குரலும் பியானோவும் நன்றாகக் கலந்து வரும்.