ஏர் எடுத்தல்: பிரேக் பிளீடிங்குக்குத் தமிழில் என்ன சொல்வது?

ஆங்கிலத்தில் பிளட் என்றால் குருதி. பிளீட் என்ற வினையும் அதே வேரிலிருந்து வந்ததுதான். குருதி தானாக வழிவதையும் அது குறிக்கும், மருத்துவர் நாளத்தைக் கீறிக் குருதியை வெளியேற்றுவதையும் குறிக்கும். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் காய்ச்சலுக்குக்கூட இந்த வைத்தியம் நடந்தது. இயந்திரங்களுக்கு வந்து சேர்ந்தது இந்த இரண்டாவது பொருள். மூடிய குழாய் அமைப்பில் ஒரு சிறு வாயைத் திறந்து, உள்ளே இருப்பதில் கொஞ்சத்தை அளவாக வெளியே விட்டால் அது பிளீடிங். குளிர்நாட்டு வீடுகளில் சூடேற்றும் ரேடியேட்டரின் மேல்பகுதியில் தேங்கும் காற்றை விடுவதற்கும் இதே சொல். விமான எஞ்சினின் கம்ப்ரெசரிலிருந்து பிரித்தெடுக்கும் காற்றுக்குப் பெயர் பிளீட் ஏர்.

நம் ஊர் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் குழாயில் புகுந்த காற்றை இப்படி வெளியேற்றும் வேலைக்கு "ஏர் எடுக்கிறது" என்று பெயர். ஆங்கிலச் சொல் வெளியே வழிவதைப் பார்க்கிறது. மெக்கானிக்கின் சொல்லோ எதை விரட்ட வேண்டுமோ அதையே சொல்கிறது. டீசல் பம்புசெட் வைத்திருந்த விவசாயிக்கும் இது பழகிய பேச்சு. டேங்க் வறண்டு எஞ்சின் நின்றுவிட்டால், டீசல் ஊற்றி, ஃபில்டர் மேலிருக்கும் போல்ட்டைத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை கைப்பம்பை அமுக்குவார். அதுவும் ஏர் எடுக்கிறதுதான்.

பிரேக் குழாயில் காற்று ஏன் ஆகாது? மூடிய கலத்தில் இருக்கும் நீர்மத்தின் மேல் அழுத்தம் கொடுத்தால் அது எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்ற பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்திருப்போம். நீர்மம் கிட்டத்தட்டச் சுருங்காது, அதனால் காலின் அழுத்தம் அப்படியே சக்கரம் வரை போகிறது. காற்று சுருங்கும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். சிறிய கார்களில் காணப்படும் 20.64 மில்லிமீட்டர், அதாவது 13/16 அங்குல விட்டமுள்ள மாஸ்டர் சிலிண்டரின் (பெடலை மிதித்ததும் பிஸ்டனால் நீர்மத்தைத் தள்ளும் உருளை) குறுக்குப் பரப்பு சுமார் 3.35 சதுர சென்டிமீட்டர். குழாயில் 1 சிசி காற்று மாட்டியிருந்தால் அதை நசுக்கவே பிஸ்டன் 3 மில்லிமீட்டர் வீணாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் 4 என்று வைத்தால், காலடியில் அது 12 மில்லிமீட்டர். 2 சிசி காற்று இருந்தால் பெடல் கிட்டத்தட்ட ஒரு அங்குலம் இறங்கிவிடும். அந்த இழப்பு பெரும்பாலும் மிதிக்கத் தொடங்கும்போதே நடக்கிறது. அழுத்தம் 5 பார், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் ஐந்து மடங்கு, எட்டும்போதே காற்று ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அதனால்தான் பெடல் முதலில் மெத்தென்று போய், பிறகு கெட்டியாகிறது. இதையே ஒர்க்‌ஷாப்பில் "பொசுக்குனு போகுது" என்கிறார்கள்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்து "பிரேக் இரத்தப்போக்கு" என்று எழுதினால் படிப்பவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார். "கசிவு" என்றால் லீக், அதாவது கோளாறு. செய்ய வேண்டிய வேலைக்கு அந்தப் பெயர் பொருந்தாது. சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் "குருதி வாங்கல்" ஒன்று. ஆங்கில மருத்துவச் சொல்லுக்கு நேர் இணை அதுதான். ஆனால் "காற்று வாங்கல்" என்று மாற்றிப் பாருங்கள், ஆள் மெரினாவில் போய் நிற்பார். "காற்று இறக்குதல்" என்ற சொல்லை டயர் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. "ஏர் எடுத்தல்" என்பதையே எழுத்திலும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் தமிழெழுத்தில் ஏர் என்றால் கலப்பையும்தான். "பிரேக்கில் ஏர் பிடித்திருக்கிறது" என்ற வரியை உழவர் வேறு மாதிரி படிப்பார்.

எங்கள் தேர்வு: பேச்சில் ஏர் எடுத்தல், எழுத்தில் காற்று நீக்கம். சக்கரத்தருகே காற்றை வெளியே விடத் திறக்கும் பிளீடர் ஸ்க்ரூவுக்குக் காற்றுநீக்குத் திருகு எனலாம். ஒர்க்‌ஷாப்பில் அது நிப்பிள், அப்படியே இருக்கட்டும். ஹைட்ராலிக் என்பதை நீரியல் என்று எழுதுவதும் உண்டு. அந்தக் கிரேக்கச் சொல் நீர், குழல் என்ற இரண்டும் சேர்ந்தது, முதலில் நீரால் இயங்கிய ஓர் இசைக்கருவியைக் குறித்தது. ஆனால் பிரேக் குழாய்க்குள் தண்ணீரே எதிரி. ஆகவே நீர்ம அழுத்த பிரேக் என்பதே துல்லியம்.

"ஏர் எடுத்தல்" என்ற சொல்லுக்கும் ஒரு குறை உண்டு. பிளீடிங்கைப் போலவே அதுவும் காற்றை எடுப்பதைத்தான் சொல்கிறது, பழைய நீர்மத்தை முழுக்க வெளியேற்றிப் புதியதை நிரப்புவதற்கு ஆங்கிலத்தில் ஃபிளஷிங் என்று தனிப்பெயர். "ஏர் எடுத்துடுங்க" என்று மட்டும் சொன்னால், குமிழி நின்றதும் வேலை முடிந்தது. பழுப்பேறிய பழைய சரக்கு உள்ளேயே கிடக்கும். புதிதாக மாற்ற வேண்டுமென்றால் "பழசை வடிச்சுட்டு ஏர் எடுங்க" என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். வடித்தல் இங்கே கச்சிதமான சொல்.

அந்தச் சரக்கின் பெயரில் இருக்கும் குழப்பம் இன்னும் மோசம். எல்லோரும் "பிரேக் ஆயில்" என்கிறோம். ஒரு காலத்தில் அது சரிதான், தொடக்ககால பிரேக் நீர்மங்களில் ஆமணக்கெண்ணெயும் ஆல்கஹாலும் இருந்தன. இன்று கார்களில் ஊற்றும், டாட் என்ற தரப்பெயரோடு வரும் டாட் 3, டாட் 4, டாட் 5.1 எல்லாம் கிளைக்கால் வகை. தண்ணீரோடு கலக்கும், எண்ணெயோடு கலக்காது. ஆயில் என்ற பேரை நம்பி எஞ்சின் ஆயிலோ ஸ்டீயரிங் ஆயிலோ ஒரு மூடி ஊற்றினாலும் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் உப்பிப்போகும். பிறகு மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் என்று எல்லாவற்றின் ரப்பரையும் மாற்ற வேண்டிவரும். டாட் 5 மட்டும் சிலிக்கோன் வகை. எண் அடுத்தடுத்து இருப்பதால் 5-ம் 5.1-ம் ஒன்று என்று நினைத்துக் கலக்கக் கூடாது. எதை ஊற்றுவது என்று பிரேக் நீர்ம டேங்கின் மூடியிலேயே அச்சிட்டிருக்கும்.

கிளைக்கால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி, 3.7 சதவீதம் தண்ணீர் ஏறிய பிறகு அந்த வரம்பு 140. டாட் 4-க்கு 230, 155. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கியரைக் குறைக்காமல் பிரேக்கிலேயே இறங்கினால், பழைய நீர்மம், சக்கரத்தின் டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கேலிப்பருக்குள் கொதித்து ஆவியாகிப் பெடல் கீழே போகும். அடிவாரத்தில் அரைமணி நேரம் நின்றால் ஆவி மீண்டும் நீர்மமாகிப் பெடல் திரும்பிவிடும். பிறகு ஒர்க்‌ஷாப்பில் எத்தனை முறை ஏர் எடுத்தாலும் ஒரு குமிழிகூட வராது. அங்கே தேவை வடிப்பு. பல தயாரிப்பாளர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றச் சொல்வது இதற்காகத்தான்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை. பின்சக்கரம் டிரம் பிரேக்காக இருந்தால், ஹேண்ட் பிரேக்கை இரண்டு கிளிக் இழுத்துவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். பெடல் சட்டென உயர்ந்தால் கோளாறு காற்றில் இல்லை, டிரம்முக்கும் அதை உரசி நிறுத்தும் ஷூவுக்கும் உள்ள இடைவெளியில் இருக்கிறது. அட்ஜஸ்ட் செய்யாமல் ஒரு லிட்டரை வடித்தாலும் பலனில்லை. அழுத்திப் பிடித்த பெடல் மெல்ல மெல்ல இறங்கினால், எங்கோ லீக் இருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டர் சீல் உள்ளுக்குள்ளேயே விடுகிறது. இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் பெடல் மேலே வந்து, ஆனாலும் மெத்தென்று இருந்தால், அப்போதுதான் காற்று.

தேவையானவை: சீல் உடைக்காத புது டின், நிப்பிளுக்குப் பொருந்தும் ரிங் ஸ்பேனர், உள்விட்டம் 5 மில்லிமீட்டர் அளவுள்ள உள்ளே தெரியும் டியூப், ஒரு பாட்டில், கூடவே ஓர் ஆள். ஜப்பானிய, கொரியக் கார்களில் நிப்பிள் பெரும்பாலும் 8 அல்லது 10 அளவு. ஓப்பன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். நிப்பிள் உள்ளே துளையுள்ள மெல்லிய திருகு, துருப்பிடித்ததை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை கையோடு வரும். முந்தைய நாளே துருநீக்கி அடித்து, லேசாகத் தட்டிவிட்டுத் திறப்பது நல்லது. ஏர் மட்டும் எடுக்க 250 மில்லி போதும், முழுக்க வடிக்க அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை ஆகும்.

எஞ்சினை அணைத்து, மிதிக்கு வலுச்சேர்க்கும் பூஸ்டரில் இருக்கும் வேக்கம் தீரும்வரை நாலைந்து முறை மிதித்துவிட வேண்டும். சக்கரங்களுக்கு அடை வைக்க வேண்டும். எந்தச் சக்கரம் முதலில் என்பதற்கு, மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரமானது முதலில் என்பது பொதுவழக்கு. வலப்பக்க ஸ்டீயரிங் காரில் அது பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். குறுக்குச் சுற்றாகப் பிரித்த கார்களில் பின் இடது, முன் வலது என்று ஒரு சுற்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லும் கையேடுகளும் உண்டு. கையேடு சொல்வதே கணக்கு.

டியூபின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் ஊற்றிய நீர்மத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே போன காற்றே திரும்ப ஏறும். மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் பேசும் பேச்சு ஐந்தே சொல்: அமுக்கு, புடி, தெறந்துட்டேன், மூடிட்டேன், விடு. மூன்று நான்கு முறை மெதுவாக மிதித்துப் பிடித்ததும், கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று திறப்பார். பெடல் இறங்கும், டியூபில் குமிழி ஓடும். "மூடிட்டேன்" என்ற குரல் கேட்காமல் கால் மேலே வரக் கூடாது. வந்தால் திறந்த நிப்பிள் வழியே காற்று உள்ளே போய்விடும். ஏர் எடுக்கப்போய் ஏர் ஏற்றுவது பெரும்பாலும் இந்த ஒரு நொடியில்தான்.

இன்னொரு தவறு டேங்கை மறப்பது. ஐந்தாறு மிதிக்கு ஒருமுறை மேலே பார்த்து ஊற்ற வேண்டும். அது வறண்டால் மாஸ்டர் சிலிண்டரே காற்றைக் குடித்துவிடும், நாலு சக்கரமும் மறுபடி முதலிலிருந்து. பழைய காரில் பெடலைத் தரைவரை மிதிக்காமல் கீழே ஒரு மரக்கட்டை வைப்பார்கள். பிஸ்டன் வழக்கமாகப் போகாத இடத்தில் துரு படிந்திருக்கும், சீல் அங்கே போய் உரசினால் கிழியும்.

கேலிப்பரைக் கழற்றி மாட்டியவர் இடது வலது மாற்றிவிட்டால் நிப்பிள் அடிப்பக்கம் வந்துவிடும். காற்று எப்போதும் மேலே நிற்பதால், நாள் முழுக்க வடித்தாலும் அது போகாது. உறிஞ்சும் பம்பு வைத்து எடுக்கும்போது குமிழி ஓயாமல் வந்தால் பதற வேண்டாம். நிப்பிளின் மரை இடுக்கு வழியே வெளிக்காற்று உறிஞ்சப்படுகிறது. முடிந்ததும் நிப்பிளை 7 முதல் 10 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கினால் போதும், தூசு மூடியை மறக்காமல் போட வேண்டும். பெயின்டில் சிந்தியதை உடனே தண்ணீரால் கழுவ வேண்டும். பாட்டிலில் சேர்ந்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது.

ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள கார்களில் சாதாரணமாக நீர்மம் மாற்ற இதே முறை போதும். ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றியிருந்தாலோ, அதற்குள் காற்று புகுந்திருந்தாலோ, உள்ளே மூடிக் கிடக்கும் வால்வுகளை ஸ்கேன் டூல் என்ற மின்னணுக் கருவி கொண்டு இயக்கித்தான் எடுக்க முடியும்.

லாரி, பஸ் ஒர்க்‌ஷாப்பில் இந்தச் சொல்லைச் சொன்னால் வேறு வேலை நடக்கும். ஏர் பிரேக்கில் வேலை செய்வதே அழுத்தக் காற்று. அங்கே வெளியேற்ற வேண்டியது ஏர் டேங்கின் அடியில் சேரும் தண்ணீர், அதற்குக் கீழேயுள்ள டிரெயின் வால்வைத் திறப்பார்கள். ஹைட்ராலிக் பிரேக் உள்ள சிறிய சரக்கு வண்டியை அங்கே விடுபவர்கள் "ஆயில் பிரேக்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது வழக்கம்.