மெய்ப்பிரசன்னம்: சொல் விளக்கம்

கத்தோலிக்கரின் முதன்மை வழிபாடான திருப்பலியில் குருவானவர் அப்பத்தைக் கையில் எடுத்து, "இது உங்களுக்காகக் கையளிக்கப்படும் என் உடல்" என்று சொல்லி முடித்தபின் அங்கே அப்பம் இல்லை. உடல், இரத்தம், ஆன்மா, இறைத்தன்மை எல்லாம் சேர்ந்த முழுக் கிறிஸ்து இருக்கிறார். கத்தோலிக்க விசுவாசம் இதைத்தான் மெய்ப்பிரசன்னம் என்கிறது. அப்பத்தின்மீதும் திராட்சை இரசத்தின்மீதும் அவற்றுக்குரிய வார்த்தைகளை இப்படிச் சொல்வதே அர்ச்சிப்பு.

முதலில், இப்படி அர்ச்சிக்கப்பட்டதன் பெயரான நற்கருணை என்ற சொல். கிரேக்கத்தில் 'எவுகரிஸ்தியா' என்றால் நன்றி செலுத்துதல். அதைப் பிரித்தால் 'எவு' என்பது நல்ல, 'காரிஸ்' என்பது அருள். நல் + கருணை என்ற நம் சொல் இந்த உறுப்புகளுக்கு அழகாக நேர் நிற்கிறது. ஆனால் நன்றி என்ற பொருள் அதில் வெளிப்படையாக இல்லை. திருப்பலியின் நடுப்பகுதியே ஒரு நன்றி மன்றாட்டு என்பதை ஆசிரியர்கள் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பிரசன்னம் வடசொல். தெளிவு, மலர்ச்சி, அருள்கூர்தல் என்பவை அதன் மூலப் பொருள்கள். மலர்ந்த முகத்தைப் பிரசன்னவதனம் என்கிறோம். தமிழில் அது தெய்வம் முன்வந்து காட்சி தருவதைக் குறித்தது. லத்தீன் 'பிரேசென்சியா'வுக்கு முன்னே இருத்தல் என்றுதான் பொருள். கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. நற்கருணையிலோ கண்ணுக்கு எதுவும் மாறுவதில்லை. எனவே 'உடனிருப்பு' என்ற இன்றைய சொல் பொருத்தமானதுதான். ஆனால் தனியே நின்றால் ஆறுதலுக்குப் பக்கத்தில் இருப்பதைப்போல ஒலிக்கும். 'மெய்' என்ற அடைமொழியை ஒருபோதும் விடக்கூடாது. உண்மைக்கும் உடலுக்கும் ஒரே சொல் தமிழில் இருப்பது இந்த மறைபொருளுக்குக் கிடைத்த கொடை. மெய்யுடனிருப்பு என்பதே என் தேர்வு.

கிறிஸ்து 'மெய்யாகவும், உண்மையாகவும், உட்பொருள் அளவிலும்' இருக்கிறார் என்று திருச்சபையின் ஆயர்கள் கூடிய திரிதெந்து பொதுச்சங்கம் 1551-ல் அறிக்கையிட்டது. மாற்றத்தைக் குறிக்கும் லத்தீன் வினைச்சொல்லை 1215-லேயே நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் பயன்படுத்தியிருந்தது. அதன் வேர் 'சுப்ஸ்தான்சியா', அதாவது அடியில் நிற்பது: ஒரு பொருள் எதுவாக இருக்கிறதோ அது. நிறம், சுவை, எடை, வட்டம் எல்லாம் அதன்மேல் தெரிபவை. அடியில் நிற்பது மாறுகிறது, மேலே தெரிபவை அப்படியே நிற்கின்றன. பழைய ஞானோபதேசம், அதாவது மறைக்கல்விப் பாடம், மேலே தெரியும் இவற்றை 'அப்ப இரசக் குணங்கள்' என்றது. 'தோற்றம்' என்பதைவிட இது நல்ல சொல், ஏனென்றால் அந்தக் குணங்கள் கண்மாயம் அல்ல. கோதுமை ஒவ்வாதவருக்கு அர்ச்சித்த அப்பமும் ஒவ்வாது.

இங்கேதான் தமிழில் ஒரு கண்ணி இருக்கிறது. அடியில் நிற்பது மாறுவதைப் 'பொருள் மாற்றம்' என்று எழுதினால் அர்த்தம் மாறுகிறது என்றும் படிக்கலாம். அப்பத்துக்குப் புது அர்த்தம், புது நோக்கம் கிடைக்கிறது, அவ்வளவுதான் என்ற விளக்கத்தைப் போதாது என்று திருத்தந்தை ஆறாம் பவுல் 1965-ல் தம் சுற்றுமடலில் மறுத்தார். மறுக்கப்பட்ட கருத்தையே நம் மொழிபெயர்ப்பு சொல்லிவிடக்கூடாதல்லவா? 'உட்பொருள்' என்றாலும் உள்ளர்த்தம் என்ற நிழல் விழுகிறது. 'இல்பொருள் உவமை' என்று இலக்கணம் சொல்வதற்கு எதிராக உள்பொருள், அதாவது உள்ளதாகிய பொருள் என்று கொண்டு, 'உள்பொருள் மாற்றம்' என்று எழுதுவது தெளிவு.

ஓர் உருபு பிசகினாலும் போதனை பிசகும். 'அப்பத்துக்குள் கிறிஸ்து', 'அப்பத்தோடு கிறிஸ்து' என்றால் அப்பம் இன்னும் இருக்கிறது என்றாகும். 'அப்ப வடிவில்' என்பதே சரி. அப்பத்தைப் பிட்டால் கிறிஸ்து பிளவுபடுவதில்லை. ஒவ்வொரு துண்டிலும், ஒவ்வொரு துளி இரசத்திலும் முழுமையாக இருக்கிறார். அப்பம் மட்டும் உட்கொள்பவர் பாதி பெறுவதில்லை.

இந்த இருப்பு அர்ச்சிப்பின்போது தொடங்கி, அப்ப இரசக் குணங்கள் நிலைக்கும்வரை நீடிக்கிறது. இந்த ஒரு விதியிலிருந்தே நடைமுறைகள் பிறக்கின்றன. அப்பம் கீழே விழுந்தால் மரியாதையோடு எடுக்க வேண்டும். உண்ண முடியாதபடி அழுக்கானால் தண்ணீரில் இட்டு முழுதும் கரையவிடுவார்கள்; அப்ப வடிவம் அழிந்ததும் அந்த இருப்பும் அங்கே முடிகிறது. அந்தத் தண்ணீரைச் சாக்கடைக்குப் போகாமல் நேரே மண்ணில் இறங்கும் தொட்டியில் ஊற்றுவார்கள். திரு இரத்தம், அதாவது அர்ச்சித்த இரசம், சிந்தினால் அந்த இடத்தைக் கழுவிய நீருக்கும் இதே தொட்டிதான்.

பண்டங்களும் சரியாக இருக்க வேண்டும். அப்பம் கோதுமையால் மட்டும், அண்மையில் செய்ததாக; இரசம் திராட்சையிலிருந்து வந்ததாக, கெடாததாக. அதில் சிறிது தண்ணீர் சேரும். அர்ச்சித்தபின் கிண்ணத்தில் இருந்தது வெறும் தண்ணீர் என்று குருவானவர் கண்டால், அதை வேறு பாத்திரத்தில் ஊற்றிவிட்டு, இரசமும் தண்ணீரும் வார்த்து, கிண்ணத்துக்குரிய வார்த்தைகளை மட்டும் மீண்டும் சொல்கிறார். அப்பத்தின்மீது சொன்னதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.