‘ட்ராவல் ஜீன்ஸ்’ – தமிழில் என்னவென்று சொல்வது?

போன வருஷம் ரொறன்ரோ போக முந்தி யாழ்ப்பாணம் நவீன சந்தைக்கு உடுப்பு வாங்கப் போனேன். ஒரு கடையில் தொங்கிய ஜீன்ஸில் ‘ட்ராவல் ஜீன்ஸ்’ என்று அட்டை குத்தியிருந்தது. இதென்ன சாமான் என்று கேட்டால், கடைப் பொடியன் “அண்ணை, இது பிளேனிலை போறதுக்கு, இழுத்துப் பாருங்கோ” என்று துணியைக் குறுக்கே பிடித்து இழுத்தான். ரப்பர் மாதிரி இழுபட்டுத் திரும்பச் சுருங்கியது. நீளவாக்கில் இழுத்தேன், அசையவில்லை.

அதற்குக் காரணம் நெசவில் இருக்கிறது. ஜீன்ஸ் தைக்கிற டெனிம் துணியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள், குறுக்கே ஓடும் ஊடை நூலை வெள்ளையாகவே விட்டுவிடுவார்கள். உங்கள் ஜீன்ஸின் கால் விளிம்பை மடித்துப் பாருங்கள், உள்பக்கம் வெளிறிப்போய் இருக்கும், அதுதான் ஊடை. இழுபடுகிற நூல், அதாவது 1958 இல் அமெரிக்காவில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த ஸ்பான்டெக்ஸ், பெரும்பாலும் இந்த ஊடையோடுதான் சேர்கிறது. அதனால் குறுக்கே மட்டும் இழுபடும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஜீன்ஸ்’ ஓர் ஊர்ப்பெயர். இத்தாலியின் ஜெனோவாத் துறைமுகத்தைப் பிரெஞ்சுக்காரர் ‘ஜேன்’ என்பார்கள், அங்கிருந்து வந்த முரட்டுப் பருத்தித் துணிக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ‘டெனிம்’ என்பதும் அப்படித்தான், பிரான்சின் நீம் நகரத்துத் துணி, ‘செர்ஜ் த நீம்’ என்பதன் வால் மட்டும் மிஞ்சியிருக்கிறது. இவற்றின் ஒன்றுவிட்ட சகோதரம் ‘டங்கரி’, அது மும்பையின் டோங்கிரிப் பக்கத்துத் துணி. அமெரிக்கத் துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸும் தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் 1873 மே 20 அன்று காப்புரிமை எடுத்தது துணிக்கோ பெயருக்கோ அல்ல, பொக்கற் மூலைகள் கிழியாமல் அடிக்கிற அந்தச் செப்பு ஆணிக்கு. நீலத்துக்கு ஐரோப்பியர் வைத்த ‘இண்டிகோ’ என்ற பெயரோ, கிரேக்கத்தில் ‘இந்தியச் சரக்கு’ என்பதிலிருந்து வந்தது. நம்முடைய அவுரிச் செடிதான் அது, ஆனால் 1897 இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்த பிறகு அவுரியைத் தேடுவார் குறைந்துவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் ‘டெனிம்’ என்றாலும் பலருக்கு ஜீன்ஸ்தான், துணிப்பெயர் உடுப்புக்கு ஆகிவிட்டது. பழைய ஆட்களுக்குக் காலில் ஏறுகிற எல்லாமே களுசான். அதுவும் தனித்தமிழ் இல்லை, போர்த்துக்கேயர் விட்டுப்போனது, சிங்களத்தில் அதுவே ‘கலிசம’. சப்பாத்து, லேஞ்சி, கதிரை எல்லாம் அதே கப்பலில் வந்தவை. வீட்டில் கட்டுகிற சாரம் மலாய்க்காரரின் சொல். எழுத்தில் காற்சட்டை என்போம், நல்ல சொல், ஆனால் பள்ளிக்கூடப் பொடியன்களின் அரைக் காற்சட்டையும் அதற்குள் அடங்கிவிடும்.

‘முரட்டு நீலக் காற்சட்டை’ என்று மொழிபெயர்த்தால் என்ன என்று கேட்கலாம். கறுப்பு ஜீன்ஸை என்ன செய்வது? என் கருத்து, ஊர்ப்பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. சங்கப் பாட்டில் ‘கலிங்கம்’ என்றால் நாடு மட்டுமல்ல, உடுக்கிற துணியும்தான். அதற்கு யாராவது மாற்றுச் சொல் கேட்டுச் சண்டை பிடித்திருப்பார்களா? ஜீன்ஸை அப்படியே விடலாம். (‘ஒரு சோடி ஜீன்ஸ்’ என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுங்கள், தமிழில் அது ஒன்றுதான்.) ஆனால் ‘ட்ராவல்’ எதற்கு? பயணம் என்று சொல் இருக்கிறதே. எழுத்தில் ‘பயண ஜீன்ஸ்’ போதும். ‘வானூர்தி ஜீன்ஸ்’ என்றால் விமானத்துக்கே உடுப்புப் போட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

அப்படித் தனியாக ஒன்று தேவையா என்றால், பலாலியிலிருந்து சென்னைக்குத் தேவையில்லை, ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலப் பறப்பு. கட்டுநாயக்காவில் ஏறி மாறி மாறி ரொறன்ரோ போகிறவருக்குத் தேவை. மேலே பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதுபோலக் குறைந்துவிடும், வயிற்றுக்குள் இருக்கிற வாயு விரியும், கீழே அளவாக இருந்த இடுப்புப் பட்டி மேலே குத்தத் தொடங்கும். மணிக்கணக்காகக் குந்தியிருந்தால் காலும் வீங்கும். இழுபடும் இடுப்பு, கவட்டில் தைத்துச் சேர்த்த அகலத் துண்டு, கடவுச்சீட்டு வைக்க ஸிப் போட்ட உள்பொக்கற், இவ்வளவுதான் பயண ஜீன்ஸ். பார்வைக்கு வழமையான ஜீன்ஸ் போலவே இருக்கும், அந்த ஸ்டைலுக்கும் சேர்த்துத்தான் விலை.

சித்தி போன் எடுத்து, “அப்பன், அந்த இறுக்கின ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு வராதை, கால் வீங்கும், தொளதொளவெண்டு ஒரு களுசானைப் போட்டுக்கொண்டு வா” என்று முதலே சொல்லியிருந்தா. ரொறன்ரோவில் இறங்கினபோது என் காலைத்தான் முதலில் பார்த்தா. ஜீன்ஸைக் கண்டதும் முகம் மாறியது. குறுக்கே இழுத்துக் காட்டினேன்.

“ஓ, இது பிளேன் களுசானோ!”

இப்போது வீட்டில் அதற்கு அதுதான் பெயர்.