அவித்த முட்டையும் அலைச்சறுக்குப் பலகையும்

அவித்த முட்டையைக் கத்தியால் வெட்டினால் மஞ்சள் கரு கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். விவரம் தெரிந்த கடைக்காரர் நூலை எடுத்து ஓர் இழுப்பு இழுப்பார், முட்டை இரண்டாகிவிடும். சென்னைக்குத் தெற்கே கோவளம் கடற்கரையில் ஓர் அலைச்சறுக்குப் பலகையின் வால்விளிம்பில் விரல் நீளத்துக்கு வெட்டு விழுந்திருந்ததைப் பார்த்தபோது, பாறையில் மோதியிருக்கும் என்றுதான் நினைத்தேன். பாறை பாவம். வெட்டியது, பலகைக்காரர் தம் கையாலேயே கட்டிய ஒரு கயிறு.

சறுக்குபவர் விழுந்தால் பலகை அலையோடு போய்விடாதபடி, அவருடைய பின்கால் கணுக்காலையும் பலகையையும் இணைக்கும் காப்புக் கயிற்றுக்கு லீஷ் என்று பெயர். கணுக்காலில் ஒரு வெல்க்ரோ பட்டை, அதிலிருந்து ஏறக்குறைய பலகையின் நீளத்துக்கே யூரித்தேன் என்ற நெகிழிவகையில் ஒரு வடம், முறுக்கேறாமல் இருக்க இரு முனையிலும் சுழலும் மூட்டு, கடைசியில் ரெயில் சேவர் எனப்படும் அகலமான நைலான் பட்டை. இவ்வளவையும் பலகையோடு சேர்ப்பது 3 மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள சிறு கயிறு. லீஷ் வாங்கும்போது எல்லோரும் வடத்தை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். இந்தக் கயிற்றை யாரும் கவனிப்பதில்லை.

இதன் மேல் என்ன பாரம் விழும்? ஒரு தோராயக் கணக்கு. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1,025 கிலோ. லீஷ் முழுதும் நீண்டு பலகை நின்றுவிட்ட கணத்தில், அதன் 0.1 சதுர மீட்டர் பரப்பை வினாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் வரும் நீர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். விசை 820 நியூட்டன் அளவுக்கு வரும். வளர்ந்த மனிதர் ஒருவர் அந்தக் கயிற்றில் தொங்குவதற்குச் சமம். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

பலகையின் உட்பகுதி வெறும் நுரை; அதன் மேல் மெல்லிய கண்ணாடியிழைத் தோல். அந்தத் தோலின் விளிம்பில் மெல்லிய கயிறு அழுந்தினால் முட்டைக்கு நடந்ததே இங்கும் நடக்கும். இரண்டு இழையாக வரும் கயிறு விளிம்பைத் தொடும் அகலம் 6 மில்லிமீட்டர். ரெயில் சேவர் பட்டையின் அகலம் 25 மில்லிமீட்டர் என்றால், அதே விசை நான்கு மடங்கு அகலத்தில் பரவிவிடும். போதாததற்குக் கயிறு ஓரிடத்தில் நிற்காமல் இப்படியும் அப்படியும் நகர்ந்து ரம்பம்போல் அறுக்கும். வெட்டு விழுந்த இடத்தில் நீர் புகுந்து நுரையில் ஊறத் தொடங்கும். ஆகவே கயிறு குட்டையாக இருக்க வேண்டும். பட்டை எந்தப் பக்கம் திரும்பினாலும் விளிம்பின் மேல் கிடப்பது பட்டையாகத்தான் இருக்க வேண்டும், கயிறு எட்டிப் பார்க்கக்கூடாது. என்னைக் கேட்டால், லீஷ் கட்டுவதில் பாதி வேலை இந்த நீளத்தைச் சரியாக அமைப்பதுதான்.

மீதிப் பாதி முடிச்சு. கயிற்றின் இரு நுனிகளையும் சேர்த்து முடிந்து வளையமாக்கிக்கொள்ளுங்கள். பலகையின் வால்பகுதியில் பதித்த சிறு குழிக்குக் குறுக்கே ஓர் எஃகுக் கம்பி இருக்கும். வளையத்தின் முடிச்சில்லாத பக்கத்தை அதற்கு அடியில் நுழைத்து மறுபுறம் எடுக்க வேண்டும். வழுக்காமலிருக்கப் பலகையில் பூசும் மெழுகு குழியை அடைத்திருந்தால் ஓர் ஈர்க்குச்சி போதும், தள்ளிவிடலாம். வெளியே வந்த காதுக்குள் முடிச்சுப் பக்கத்தைக் கோத்து இழுத்தால் கம்பியைக் கயிறு கவ்விக்கொள்ளும். பயணப் பெட்டியில் பெயர் அட்டையை மாட்டும் அதே சுருக்கு. ஆங்கிலத்தில் இதற்கு ‘மாட்டு முடிச்சு’ என்றொரு பெயர் உண்டு. பொருத்தமான பெயர்தான், பலகையும் அவிழ்த்துவிட்ட மாடுபோலத்தான் ஓடும்.

இழுவிசை கூடக் கூட இந்தச் சுருக்கு கம்பியை மேலும் நெருக்கும். உராய்வும் கூடவே வளரும். எந்த முடிச்சும், கயிறு கூர்மையாக வளையும் இடத்தில் அதன் வலுவைக் கணிசமாகக் குறைத்துவிடும். ஆனால் வளையத்தின் இரண்டு இழைகளும் பாரத்தைப் பாதிப் பாதியாக ஏந்துவதால் அந்த இழப்பு பெரும்பாலும் ஈடாகிவிடுகிறது.

அடுத்து ரெயில் சேவர் பட்டையை வளையத்துக்குள் விட்டு, மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வெல்க்ரோ மடிப்புகளை ஒட்ட வேண்டும். வெல்க்ரோவைக் கண்டுபிடித்த சுவிஸ் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்ட்ராலுக்கு அந்த எண்ணம் வந்தது, தம் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முள்விதைகளைப் பார்த்து. நாயுருவி வேட்டியில் ஒட்டிய அனுபவம் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பரப்புக்கு இணையாக இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் சேர்ந்து தாங்கும். ஓரத்தைப் பிடித்து உரித்தால் ஒரு நேரத்தில் ஒரு வரிசை மட்டுமே எதிர்க்கும், எளிதில் பிரிந்துவிடும். அலை இழுப்பது முதல் வகை, கை உரிப்பது இரண்டாம் வகை. கால் பட்டை பாறையில் சிக்கினால் உயிர் காப்பது இந்த வேறுபாடு. கொக்கிகளுக்குள் மணல் புகுந்துவிட்டால் பிடிப்பு குறைந்துவிடும் என்பதால், ஒட்டுவதற்கு முன் நல்ல நீரில் அலசிவிடுவது நல்லது.

வடம் ரப்பராக இருக்கக்கூடாதா? இருந்தது. 1971-ல் கலிபோர்னியாவின் மாலிபுவில் நடந்த போட்டிக்கு பேட் ஓநீல் கொண்டுவந்த லீஷ், அறுவை சிகிச்சைக்குப் பயன்படும் ரப்பர்க் குழாயால் ஆனது. மற்றவர்கள் கேலி செய்தார்கள். கேலியைவிடப் பெரிய சிக்கல் ரப்பரின் இயல்பிலேயே இருந்தது. வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியை அது திருப்பித் தந்துவிடும். விசை 200 நியூட்டன் வரை சீராகக் கூடி 2 மீட்டர் நீண்டால் 200 ஜூல் சேமிப்பாகும். அத்தனையும் 3 கிலோ பலகைக்குப் போனால், அது மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சொந்தக்காரரை நோக்கியே திரும்பி வரும். பேட்டின் தந்தையும் கடலாடைகளுக்குப் பெயர் பெற்றவருமான ஜாக் ஓநீல் தம் இடது கண்ணை இழந்தது இப்படித் திரும்பி வந்த பலகையால்தான். இன்றைய யூரித்தேன் குறைவாக நீள்கிறது. நீளும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பங்கை வெப்பமாக விழுங்கியும் விடுகிறது.

யூரித்தேனிலும் நகக்கீறல் அளவு வெட்டு விழுந்தால் இழுவிசை முழுவதும் அந்தப் புள்ளியில் குவிந்து, அடுத்த பெரிய அலையில் அது பிளந்துகொண்டு போகும். வடத்தை விரல்களுக்கிடையே ஓடவிட்டுப் பார்த்தால் கீறல் தட்டுப்படும். அதே கையோடு குழியில் இருக்கும் கயிற்றையும் திருப்பிப் பாருங்கள்; கம்பியைச் சுற்றிய இடத்தில் இழை பிசிறு விட்டிருந்தால் புதுக் கயிறு மாற்ற ஐந்து நிமிடம்கூட ஆகாது.