இரண்டு ரெசிஸ்டர், ஒரு எல்.இ.டி., இரண்டு நிறம்

இரண்டே கால்கள் உள்ள இருநிற எல்.இ.டி. ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சின்னக் குமிழுக்குள் ஒரு சிவப்பும் ஒரு பச்சையும் ஒன்றுக்கொன்று தலைகீழாக இணைந்திருக்கின்றன. மின்னோட்டம் ஒரு திசையில் போனால் சிவப்பு, எதிர்த்திசையில் போனால் பச்சை. நிறம் மாற வேண்டுமென்றால் திசை மாற வேண்டும், அதற்காக ஒவ்வொரு தடவையும் பேட்டரியைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டிருக்க முடியாது.

இங்கேதான் வோல்டேஜ் டிவைடர், அதாவது வோல்டேஜைப் பங்கிடும் ரெசிஸ்டர் (மின்தடை) ஜோடி, உதவுகிறது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே இரண்டு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை (பழுப்பு, கருப்பு, சிவப்புக் கோடு போட்டவை) வரிசையாக மாட்டினால், அவை சேரும் இடத்தில் 4.5 வோல்ட் இருக்கும். எல்.இ.டி.யின் ஒரு காலை அந்த நடுப்புள்ளியில் வைத்துவிட்டு, மறுகாலை ஒரு சுவிட்ச் வழியாக மைனஸுக்கோ பிளஸ்ஸுக்கோ கொண்டுபோனால் போதும். நடுப்புள்ளி மைனஸை விட 4.5 வோல்ட் மேலே, பிளஸ்ஸை விட 4.5 வோல்ட் கீழே, அதனால் சுவிட்சைத் தள்ளியதும் திசை தானாகத் திரும்பிவிடும்.

பல விளக்கங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. ஆனால் எனக்கு இந்தச் சுற்றில் பிடித்ததே இதற்கு அப்புறம் வருவதுதான். சிவப்பு எரியும்போது நடுப்புள்ளியில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 4.5 காட்டாது, ஏறத்தாழ 1.9 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் எரிகிற சிவப்பு எல்.இ.டி. தன் இரு கால்களுக்கிடையே அவ்வளவுதான் விடும். இப்போது மேல் ரெசிஸ்டரில் மீதி 7.1 வோல்ட், 1 கிலோ ஓமில் ஒரு வோல்ட்டுக்கு ஒரு மில்லி ஆம்பியர் என்பதால் 7.1 மில்லி ஆம்பியர். கீழ் ரெசிஸ்டரில் 1.9 மில்லி ஆம்பியர். மிச்சம் 5.2 எங்கே போகிறது? எல்.இ.டி. வழியாகத்தான். பச்சைக்கு மாற்றினால், அது 2.1 வோல்ட் எடுத்துக்கொள்வதால், நடுப்புள்ளி 6.9 வோல்ட்டுக்கு ஏறும், அதே கணக்கில் 4.8 மில்லி ஆம்பியர் வரும்.

எல்.இ.டி.க்கென்று தனியாக ரெசிஸ்டர் போடாமலேயே அது கருகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். வெளியிலிருந்து பார்த்தால் இந்த டிவைடர், 500 ஓம் தடையோடு கூடிய ஒரு 4.5 வோல்ட் பேட்டரி போலவே நடந்துகொள்கிறது, இப்படிச் சுருக்கிப் பார்க்கும் வழியை லியோன் தெவனின் என்ற பிரெஞ்சு தந்திப் பொறியாளர் 1883-ல் வெளியிட்டார். 4.5-லிருந்து 1.9 போக 2.6 வோல்ட், அதை 500-ஆல் வகுத்தால் அதே 5.2 மில்லி ஆம்பியர்!

1 கிலோ ஓமுக்குப் பதில் இரண்டு 100 கிலோ ஓம் போட்டாலும், எல்.இ.டி. மாட்டாதவரை மீட்டர் 4.5 வோல்ட்டுக்குப் பக்கத்தில்தான் காட்டும். மாட்டிப் பார்த்தால் வெளிச்சம் பெயருக்குத்தான் இருக்கும், ஏனென்றால் கிடைப்பது 0.05 மில்லி ஆம்பியர். மாறாக 100 ஓம் போட்டால் 52 மில்லி ஆம்பியர் பாய்ந்து எல்.இ.டி. போய்விடும், கால் வாட் ரெசிஸ்டரும் சுட்டுவிடும். இதற்கு ஒரு விலையும் உண்டு, விளக்கு எரியாதபோதும் டிவைடர் வழியாக 4.5 மில்லி ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும், பேட்டரியில் ஓட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

இதே வேலையை ஆர்டுயினோ என்ற புரோகிராம் செய்யக்கூடிய சின்னப் பலகையில் 5 வோல்ட்டும் இரண்டு 220 ஓமும் வைத்து, சுவிட்சுக்குப் பதில் அதன் ஒரே பின்னில் (இணைப்பு முனையில்) செய்யலாம்: பின் ஹை (5 வோல்ட்) ஆனால் ஒரு நிறம், லோ (0 வோல்ட்) ஆனால் இன்னொன்று, இன்புட் ஆக்கினால், அதாவது இணைப்பை விட்டதுபோல் ஆக்கினால், அணைந்துவிடும். ஆனால் நடுப்புள்ளியில் அங்கே 2.5 வோல்ட்தான் இருக்கும். 2.1 வோல்ட் கேட்கும் பழைய வகைப் பச்சை அதில் எரியும், 3 வோல்ட் கேட்கும் புதிய வகை எரியாது. எல்.இ.டி. வாங்கும்போதே அதன் வோல்டேஜைக் கேட்டு வாங்குங்கள்.